சத்தம் விற்ற மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமையில் வெறும் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக் கூடாத நாடு இது. கண்ணாடி உடையும் சத்தம் அயலவரின் ஓய்வைக் கெடுக்குமாம். வந்த புதிதில் தெரியாமல் போட்டுவிட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நாட்டில் நாங்கள் மூன்று பேர் சத்தம் போட்டே பிழைக்கத் தொடங்கியதை ஊரில் இருப்பவர்களும் அறிய வேண்டும்.

ஷ்லீரன் என்ற சிறு நகரில் நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. குணம் அண்ணை என்னைவிட மூத்தவர், செல்வன் இளையவன். வேலையில்லாதோருக்கான ஜெர்மன் வகுப்பில் ஒருநாள் ஆசிரியை ஒரு பிரித்தானிய நகைச்சுவைப் படம் போட்டார். வேலை இழந்த சில ஆண்கள், யாரும் நினைத்துப் பார்க்காத வழியில் பணம் தேடப் புறப்படுகிறார்கள். வகுப்பே சிரித்தது. குணம் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியை கேட்டார். “லேர்ம்” என்றார் அண்ணை. சத்தம் என்று பொருள். ஆசிரியை படத்தின் ஒலியைக் குறைத்தார்.

வெளியே வந்த பிறகுதான் அண்ணை எங்களுக்கு விளக்கினார். “யாழ்ப்பாணத்தில பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில எட்டு வருசம் கொத்து ரொட்டி போட்டனான். இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சாப்பாடு எல்லாரும் விக்கினம். தகட்டில கத்தியால கொத்திற அந்தத் தாளத்தை ஆர் விக்கினம்? இஞ்சத்தைச் சனத்தின்ர கொண்டாட்டத்தில முன்னால நிண்டு போடுவம்.”

வீட்டில் இதைக் கேட்டதும் அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “மகளுக்குச் சம்பந்தம் பேசுற நேரத்தில உங்களுக்கு விசரோ?”

மகள் இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. “அப்பா களவெடுக்கப் போகேல்லையே, அம்மா” என்றாள். அதோடு அந்த வாக்குவாதம் முடிந்தது.

அயலுக்குப் பயந்து, ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போய்ப் பழகினோம். நடக்க வந்தவர்கள் “குரூட்சி” என்று வணக்கம் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போனார்கள். செல்வன் ரொட்டி தட்டினான். அண்ணை இரண்டு கையாலும் அடிக்க, நான் எதிரே நின்று பதில் அடி அடித்தேன். முதல் வாரம் என் விரல்களெல்லாம் கொப்புளம்.

முதல் அழைப்பு ஆசிரியையிடமிருந்தே வந்தது. ஆரா என்ற ஊரில் அவருடைய கணவரின் அறுபதாவது பிறந்தநாள். தோட்டத்தில், சனிக்கிழமை மதியம், நாற்பது பேருக்கு முன்னால் அண்ணை கத்திகளை உயர்த்தினார். அந்த முகத்தை நான் தொழிற்சாலையில் ஒருநாளும் கண்டதில்லை. தாளம் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு முதியவர் வேலியருகே வந்து நின்றார்.

“வி லாங் நோ?”

இன்னும் எவ்வளவு நேரம் என்கிறார். பொலிஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறோம் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஒரு தட்டும் முள்ளுக்கரண்டியும் கொண்டுவந்து வரிசையில் நின்றார்.

கைதட்டல் ஓய்ந்தபோது அண்ணை கண்ணைத் துடைத்தார். மிளகாய் என்றார். நாங்கள் மறுக்கவில்லை. அதன் பிறகு அழைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. போன மாதம் அண்ணையின் மகளுடைய நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டாரே கேட்டு, அண்ணை பட்டு வேட்டியோடு கொத்தினார். அவர் மனைவி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சென்ற வாரம் ஒரு திருமணத்தில் மணமகளின் தந்தை வந்து, நீங்கள் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். “யாழ்ப்பாணம்” என்றார் அண்ணை. அதே நொடியில் “ஷ்லீரன்” என்றேன் நான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவருமே, ஓம் என்று தலையாட்டினோம்.