கழற்றிப் பார்க்காத நட்டு

பதுளை பசறை வீதியில் ஜௌபர் நானாவின் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படவும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்போ லொறியோ தோட்டத்துப் பாதையில் படுத்துவிட்டால், லுணுகலையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் முதலில் வாயில் வருவது அவர் பெயர்தான். இளவயதில் எட்டு வருடம் சவூதியில், மணலுக்குள் ஓடும் வண்டிகளின் கீழே கிடந்து தொழில் பழகியவர். ஊர் திரும்பி, றஷீனாவைக் கல்யாணம் முடித்து, அவளுடைய வாப்பா கொடுத்த காணித் துண்டில் தகரம் அடித்துக் கராஜ் போட்டார். இரண்டு மகள்மாரையும் கட்டிக்கொடுத்தார். அறுபதை நெருங்கிய பிறகும் வண்டிக்கு அடியில் தானேதான் படுப்பார்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வண்டி வந்து நின்று அரை மணித்தியாலத்துக்குள் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். அது பிழையாகிப் போனதாக யாரும் சொன்னதில்லை. சொல்ல யாருக்கும் துணிவு இருந்ததா என்பது வேறு விஷயம்.

போன வருடம் மாசி மாதம் லுணுகலைக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து லொறி அவரிடம் வந்தது. ஓட்டிவந்தவர் மருதை. பத்தொன்பது வருடங்களாக அந்தத் தோட்டத்து டிரைவர். அவருடைய குடும்பத்தில் கொழுந்து பறிக்கிற மலைவேலையை விட்டு ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள். கொழுந்து மூட்டை மட்டுமல்ல, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்களையும் அவருடைய லொறிதான் சுமந்திருக்கிறது.

"நிறுத்துற எடமெல்லாம் ஒயில் சொட்டுதுங்க நானா," என்றார் மருதை. "அதோட இன்னொண்ணு. மூணாவது கியர்ல ஏத்தம் ஏறயில ஒரு மொனகல் சத்தம் கேக்குதுங்க. முந்தி அப்புடி இல்ல."

ஜௌபர் அடியில் படுத்து, துணியால் துடைத்துப் பார்த்தார். ஒயில் ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கியர் பொக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, எஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதன் மேல் மூச்சுக்குழாய் வழியாகவும் ஒயிலைத் தடுத்து நிற்கிற பின்பக்க ரப்பர்ச் சீல் வழியாகவும் வழிந்திருந்தது. அளவு பார்க்கும் நட்டைக் கழற்றினார். சொட்டாமல் நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒயில் குபுக்கென்று கொட்டி அவருடைய முழங்கை வரை நனைத்தது.

"யாரு இதுக்கு ஒயில் ஊத்தின?"

"நான் ஊத்தலைங்க நானா."

"அப்ப ஆகாசத்தில இருந்தா வந்த? கழுத்து வரைக்கும் ரொம்பி ஈக்கி. ரொம்பினா வழியாம என்ன செய்யும்?"

மருதை மறுபடியும் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். "நீங்க ஓட்டுங்க. பாக்கிறத நான் பாக்கிறேன்," என்று ஜௌபர் அடக்கிவிட்டார். மிஞ்சிய ஒயிலைத் தகர டின்னில் வடித்தார், புதுச் சீல் அடித்தார். பிறகு மருதை பக்கத்தில் நிற்கும்போதே தோட்டத்தை நடத்தும் துரைக்குப் போன் எடுத்தார். "பெரிய கோளாறு ஒண்டுமில்ல தொர. டிரைவர் அளவு தெரியாம ஊத்தி ஈக்கார்."

மருதை லொறியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

மூன்று கிழமையில் லொறி திரும்ப வந்தது. அதே கசிவு. நட்டைக் கழற்றியதும் அதேபோல் கொட்டியது. ஆள் கையால் அல்லாமல் அந்தப் பெட்டிக்குள் ஒயில் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வி ஜௌபரின் மனதில் எழத்தான் செய்தது. சரியான கேள்வி. அதற்குப் பதில் அவர் தலைக்கு ஒரு முழத்துக்கு முன்னால், கியர் பொக்ஸின் பக்கவாட்டில் இருந்த இன்னொரு அளவு நட்டுக்குப் பின்னால் இருந்தது. அதே சாவி போதும். இரண்டு திருப்புத் திருப்பினால் கழன்றுவிடும். அவர் அதைத் தொடவில்லை. கசிவது ட்ரான்ஸ்பர், கியர் பொக்ஸை ஏன் பார்க்க வேண்டும்?

"இனியும் ஊத்தினா நான் தொரக்கிட்ட வேற மாதிரித்தான் செல்ல வேண்டி வரும்," என்றார்.

"எம்புள்ளைங்க மேல சத்தியமா நான் ஊத்தலைங்க," என்றார் மருதை. "சத்தம் இப்ப ரெண்டாவது கியர்லயும் கேக்குதுங்க நானா. ஒருவாட்டி கூட வந்து கேட்டுப் பாருங்களேன்."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஜௌபர் லொறியில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து, மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டையும் பின்னால் நான்கு பெண்களுமாக இறங்கி வரும்போது லொறியின் கியர் பொக்ஸ் இறுகிப்போனது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, லொறி பள்ளத்துப் பக்கம் சரியப் பார்த்தது. மருதை ஸ்டியரிங்கை ஒடித்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். பெண்களுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். மருதையின் இடது முழங்கால் சிதைந்தது.

லொறியைக் கட்டி இழுத்து ஜௌபரின் கராஜில் விட்டார்கள். அன்று பின்னேரமே துரை போன் எடுத்தார். மேலிடத்துக்கு அனுப்பக் காரணம் எழுதிய கடிதம் வேண்டும், நாளைக்கே வேண்டும். லொறியை இன்னும் திறக்கவில்லை என்று ஜௌபர் சொல்லியிருக்கலாம். "நீங்கதான் ரெண்டு தடவை பார்த்தீங்களே," என்று துரை சொன்னதும் அந்தப் பேச்சு அவருக்கு இனித்தது. எச்சரித்தும் கேளாமல் டிரைவர் அளவுக்கு மிஞ்சி ஒயில் ஊற்றியதும் கவனமில்லாமல் ஓட்டியதுமே காரணம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்துத்தான் பெட்டிகளை இறக்கினார். கியர் பொக்ஸின் அடி நட்டைக் கழற்றி டின்னை வைத்தார். ஒரு தேக்கரண்டி கறுப்புக் குழம்பு விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பற்சக்கரங்கள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. பெயாரிங் துண்டு துண்டாகக் கையில் வந்தது. ட்ரான்ஸ்பரைப் பிரித்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் போகிற தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்டைச் சுற்றியிருந்த சீலின் உதடு தேய்ந்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கியர் பொக்ஸின் ஒயில் முழுக்க அந்த வழியாக ட்ரான்ஸ்பருக்குள் போயிருக்கிறது. அது நிரம்பி வழிய, இது வறண்டு முனகியிருக்கிறது. இரண்டு தடவையும் 'கூடிப்போச்சு' என்று அவர் டின்னில் வடித்துக் கொட்டியது கியர் பொக்ஸின் ஒயில்.

அந்த ரப்பர்ச் சீலை அவர் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். ஒருவரிடமும் சொல்லவில்லை. கியர் பொக்ஸுக்குப் பழைய சாமான் தேடிப் பொருத்தினார், சீல் உரசித் தண்டில் விழுந்திருந்த பள்ளத்துக்கு வளையம் ஏற்றினார், நடுவில் புதுச் சீல் அடித்தார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவில்லை. லொறியைக் கொண்டுபோக ஒரு புது டிரைவர் வந்தான்.

"மருதை எங்க?"

"அவருக்கு லொறி இல்லைங்க. ஆஸ்பத்திரியிலேந்து வந்ததும் புல்லு வெட்டப் பேரு போட்டாங்க. காலு ஏலல."

ஆறு கிழமை ஜௌபர் எதையும் சொல்லாமல் கழித்தார். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தார். கராஜுக்கு வருகிறவர்கள், "நானா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லும்போதெல்லாம் சொல்வது இன்னும் கடினமானது. கடைசியில் ஒரு நாள் பகல் சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்தவரைப் பார்த்து றஷீனா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள், "அந்த மனிசன் சத்தம் கேக்குதுண்டு சென்னாரா?" என்றாள்.

"ரெண்டு தடவ சென்னார்."

"அப்ப என்னத்துக்கு இங்க குந்திட்டு ஈக்கிறீங்க?"

புதிதாக ஒரு கடிதம் எழுதினார். பிழை டிரைவருடையதல்ல, பார்க்க வேண்டியதைப் பார்க்காத தன்னுடையது என்று எழுதி, தோட்டத்து ஒஃபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். துரை வாசித்தார். "இப்ப எதுக்கு நானா இதெல்லாம்? விஷயம் முடிஞ்சிருச்சே," என்று ஃபைலுக்குள் வைத்தார். மருதை குடியிருந்த லயத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருந்தது. மனைவி ரெங்கம்மாவின் அண்ணன் வீட்டுக்கு, தெமோதரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் தெமோதரைக்குப் போனார். மருதை லயத்து வாசலில் காலை நீட்டியபடி மரக்கறிக் கடைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். எழும்பப் பார்த்தவரை ஜௌபர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். லாச்சியிலிருந்து எடுத்துவந்த சீலைக் கையில் கொடுத்து நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். திறக்காமல் கடிதம் எழுதியதையும், தெரிந்த பிறகு ஆறு கிழமை வாய் மூடி இருந்ததையும் சொன்னார்.

மருதை கிழிந்த உதட்டைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப சத்தம் நெசந்தாங்க," என்றார். "நாந்தான் கெதியா ஓட்டுறேனோ, எங்காதுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

கடிதத்தின் நகலை ஜௌபர் நீட்டினார். உள்ளேயிருந்து வந்த ரெங்கம்மாதான் அதை வாங்கினாள்.

"நீங்க மொதல்ல எழுதுன கடுதாசிய தொர காலையில பேரு கூப்புடுற பெரட்டுல வச்சு எல்லாரு முன்னாடியும் வாசிச்சாருங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இத எந்தப் பெரட்டுல வாசிப்பாங்க?"

ஜௌபர் மருதையின் பக்கம் திரும்பினார். கராஜில் வந்து வேலை செய்யும்படி அவரைக் கூப்பிட்டார். கால் போட வேண்டிய வேலை ஒன்றும் கொடுக்கமாட்டேன் என்றார்.

"வேணாங்க நானா. அங்க வர்றவங்க எல்லாம் என்னயத் தெரிஞ்ச டிரைவர்மாருதான். லொறிய ஒடச்சவன் இங்க நிக்கிறான்னு பேசுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் நீங்க வெளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

"செல்றேன்," என்றார் ஜௌபர்.

மருதை தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

கராஜுக்கு வருகிறவர்களிடம் ஜௌபர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பிழை என்னுடையது, மருதையுடையதல்ல. கேட்கிறவர்கள், பெரிய மனசுக்காரர், விழுந்தவனுக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அது காதில் விழும்போது அவர் சாவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறார்.