ஸ்படைனாக் கூட்டத்தில் ஒருவர்

கோணேஸ்வரிக்கு ரொறன்ரோவில் ஓர் ஓவியக் காட்சியகத்தில் காவல் வேலை. பார்க்க வருகிறவர்கள் படங்களைத் தொட்டுவிடாமல் கவனித்துக்கொள்ள வேண்டும். படங்களில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஷு வென் என்ற சீன ஓவியரின் நீளமான படம் ஒன்று வந்து ஒரு சுவரையே நிறைத்தது. சைனாடவுனின் ஸ்படைனா வீதியைக் கறுப்பு மையால் தீட்டியிருந்தார். தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார், கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் வாத்துகள், நெருக்கியடிக்கும் சனம். முகங்களெல்லாம் வெறும் மைப்புள்ளிகள். அந்தச் சனத்துக்குள் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். இடது தோள் இறங்கியிருந்தது.

மகேஸ்வரனும் அப்படித்தான் நிற்பார். திருகோணமலையில் சண்டை மறுபடி மூண்ட ஆண்டு, மீன் வாங்கப் போய்த் திரும்பி வராத கணவர். முகாம் முகாமாக அலைந்தாள். பிறகு கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்தவள், எப்போதோ தேடுவதை விட்டுவிட்டாள். விட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

மோர்னிங்சைட் வீட்டில், போனில் எடுத்த படத்தை மகள் தேனுகாவுக்குக் காட்டினாள்.

"அம்மா, உது ஜஸ்ட் ஒரு பிரஷ் ஸ்ட்ரோக்."

"ஓம் பிள்ளை. ஆனா இப்ப திரும்பப்போறார் மாதிரிக் கிடக்கு."

ஷு வென் ஒருநாள் காட்சியகத்துக்கு வந்தபோது, கோணேஸ்வரி தயங்கித் தயங்கி அந்த உருவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் விசாரித்தாள். அவர் நிஜ மனிதர்தான், அங்கே ஒரு பழக்கடையில் வேலை செய்கிறார் என்று சொல்லிக் கடைக்கு வழியும் சொன்னார் ஓவியர்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் போனார்கள். கடை வாசலில் ஒருவர் குனிந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அதே தோள். கோணேஸ்வரி சில அடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"கூப்பிடட்டே அம்மா?"

"வேண்டாம். கொஞ்சம் பொறு."

அவர் நிமிர்ந்து திரும்பினார். வயதான சீனர். என்ன வேண்டும் என்று சிரித்தபடி கேட்டார். கோணேஸ்வரி ஒரு பை தோடம்பழம் வாங்கினாள்.

ஸ்ட்ரீட்காரில் தேனுகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஓகேயா அம்மா?"

"அந்தாள் திரும்பாமலே நிண்டிருக்கலாம்."

காட்சி முடிந்து படத்தைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் இப்போதெல்லாம் சப்வே நெரிசலில் யாராவது தோள் சாய்ந்து நடந்தால், கோணேஸ்வரி தன் ரயிலை விட்டுவிட்டு அவர் பின்னால் போகிறாள். அவர் முகம் தெரிவதற்குள் சட்டென்று விலகி, எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்குகிறாள். ஏன் பிந்தியது என்று தேனுகா கேட்பதில்லை. சாப்பாட்டைச் சூடாக்கி வைக்கிறாள்.