ஆலை மூடிய பிறகும் வந்த எறும்புகள்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சின்னமனூருக்குப் பக்கத்தில் மார்க்கையன்கோட்டையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். கொதிக்கிற கொப்பரை முன்னால் நின்று, பாகை எப்போது இறக்குவது என்று சொல்கிற வேலை. அந்த வெக்கையில் உடம்பு வலி தெரியாமலிருக்க அபின் உருண்டை போட்டுக்கொள்கிறவர்கள் அப்போது நிறையப் பேர். இவரும் போட்டார். போகப் போக, அது இல்லாமல் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாது என்றாகிவிட்டது.

நான் அழுதேன், சண்டை போட்டேன், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கும் போனேன். ஒரு வழியாக விட்டார். எப்படி விட்டார் தெரியுமா? அபின் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்வார். ஊரே அவரை மெச்சியது. ஆலையில் ஆளாளுக்கு, "தின்னுப்பா, அந்தச் சனியனை விட்டியே" என்று கையில் அள்ளிக் கொடுத்தார்கள். நானும் வேட்டி மடியில் கட்டி அனுப்பினேன். எங்கள் வீட்டில் வெல்லத்துக்கா பஞ்சம்!

வருஷம் திரும்புவதற்குள் மனிதர் இளைத்துப் போனார். சட்டை கொடியில் தொங்குவதுபோல் உடம்பில் தொங்கியது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சாப்பிட்டு எழுந்தவுடனேயே பசிக்கிறது என்றார். காலில் ஒரு சின்னக் காயம், எத்தனை மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறவில்லை. மறுபடியும் அபினைத் தொட்டுவிட்டாரோ? அவர் தூங்கும்போது மடியை அவிழ்த்துப் பார்ப்பேன். வெல்லத் துண்டுதான் இருக்கும். அப்பாடா என்று இருக்கும். ஆனால் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் பகீரென்னும்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, பக்கத்துத் தெருவில் இருந்தாள். தம்பி மேல் உயிர். ஒரு நாள் மத்தியானம் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள்.

"பழகின ஒடம்புக்கு அது வேணும் ஆத்தா. ஒரேயடியா நிப்பாட்டவும் ரெத்தம் சுண்டிப்போச்சு. கடுகு அத்தனை பால்ல கலக்கிக் குடு, அவனுக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

அபின். எந்த விஷத்தை வீட்டை விட்டு விரட்ட அவ்வளவு பாடுபட்டேனோ, அதையே என் கையால் கலக்கச் சொல்கிறாள். முடியாது என்றேன்.

"அப்ப எந்தம்பிய எமனுக்குக் குடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டாள். அடுப்பில் பாலை வைத்தேன். கொடுத்தால் பழையபடி அடிமையாகிவிடுவார், கொடுக்காவிட்டால் செத்துப்போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குக் கிணறுதான். தாயே, நீதான் பார்த்துக்கொள் என்று வீரபாண்டி மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

பால் காய்வதற்குள் துணியை நனைத்து வைக்கலாம் என்று கொல்லைப் பக்கம் போனேன். அவர் அவிழ்த்துப் போட்டிருந்த வேட்டியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எனக்கு அது புதிதில்லை. வெல்லம் காய்ச்சுகிறவர் துணியில் எறும்பு மொய்க்காமல் வேறு எதில் மொய்க்கும்? வருஷம் பூராவும் உதறி உதறித்தான் துவைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு இருந்த எரிச்சலில் வாய்விட்டுக் கத்தினேன்.

"கரும்பு முடிஞ்சு ஆலையை மூடி எம்புட்டு நாளாச்சு, இன்னமும் இந்தச் சனியன் பிடிச்ச எறும்பு போகுதா பாருங்க மதினி!"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. வேட்டியைக் குச்சியால் புரட்டினாள். வேலியோரம் அவர் ஒண்ணுக்கு ஒதுங்குகிற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். அங்கேயும் சாரை சாரையாக எறும்பு.

"ஐயோ ஆத்தா, எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான் மொச்சுச்சு. நீரிழிவுன்னாக. காலு அழுகித்தான் போனாக" என்று மாரில் அடித்துக்கொண்டாள். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கப் போகவில்லை.

மறுநாள், பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் தேனிக்குப் போனோம். அந்த பஸ் ஒவ்வொரு மேட்டிலும் நின்று மூச்சு வாங்கியது. நானானால், போய்ச் சேருவதற்குள் இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். டாக்டர் நீல மருந்தில் அவருடைய சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது; அவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்றார். "என்ன சாப்பிடுகிறாய்?" என்றார். வெல்லம் என்றார் இவர். "எவ்வளவு?" என்றதற்கு இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார். டாக்டர் என்னை ஒரு முறை முறைத்தார். யுத்த காலத்தில் ஊசி மருந்து கிடைப்பது குதிரைக் கொம்பு, வாயைக் கட்டினால் பிழைக்கலாம், இனிப்பு ஆகவே ஆகாது, சோற்றையும் குறை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் காவல் என்று நம்பி மடியில் கட்டினேனோ, அதுவே ஆளைத் தின்றிருக்கிறதே!

அதற்குப் பிறகுதான் நிஜமான பாடு. அபினை விட்டதே சுலபம் என்று அவரே சொன்னார். வெல்லப் பானையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஊரை எங்கே அனுப்புவது? கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் பொங்கல் என்று போகிற இடமெல்லாம் "கொஞ்சூண்டு தின்னா என்ன, செத்தா போயிருவ?" என்று வாய்க்கு நேரே நீட்டினார்கள். பிரியமாகத்தான் நீட்டினார்கள். அதுதான் பயம். சண்டைக்காரனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுத் துரத்தலாம். ஆனாலும் மனிதர் வாயைக் கட்டினார். மெல்ல மெல்லக் காயம் காய்ந்தது, முகத்தில் தெளிச்சி வந்தது.

தை பிறந்ததும் ஆலை திறந்தது. முதல் கொப்பரை வெல்லத்தைச் சாமிக்குப் படைத்துவிட்டு, முதல் துண்டைத் தோட்டத்து முதலாளி தன் கையால் காய்ச்சினவர் வாயில் ஊட்டுவார். அவர் மறுத்தால் அந்த வருஷ வெல்லம் இளகிப்போகும், விலை போகாது என்று நம்பிக்கை. நான் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் அங்கே போய் நின்றேன். முதலாளி சூடு ஆறாத வெல்லத்தை எடுத்து நீட்டினார். இவர் தயங்கினார். "என்னப்பா, எங்குடியக் கெடுக்கணும்னு இருக்கியா?" என்றார் முதலாளி. சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவருடைய வாய் மெதுவாகத் திறந்தது. ஒன்றில் ஆரம்பித்தால் இந்த மனிதர் ஒன்றில் நிற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா?

ஆம்பிளைகள் கூட்டம் என்றுகூடப் பார்க்கவில்லை. நடுவில் போய்க் கையேந்தினேன்.

"அவுக பங்கை எனக்குக் குடுங்க சாமி. நானும் அவுகளும் ஒண்ணுதான. எந்தாலிக்கு மடிப்பிச்சையா நெனச்சுக் குடுங்க."

முதலாளி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு வெல்லத்தை இவருடைய கையில் வைத்தார். இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார். அத்தனை பேர் முன்னாலும் நின்று தின்றேன். அழுகையில் இனிப்பே தெரியவில்லை. அந்த வருஷ வெல்லம் கல்லு மாதிரி இறுகி நல்ல விலைக்குப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ஊரில் விட்டு வைத்திருப்பார்களா!

அதற்குப் பிறகு அவர் நெடுங்காலம் இருந்தார், பேரன் பேத்தி எடுத்தார். என்னை இன்றைக்கும் உபசாரம் தெரியாதவள் என்பார்கள். சொல்லட்டும். ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்ல உள்ளுக்குள் என்ன பாடுபடுகிறார் என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான். அதனால் என் வீட்டில் யாரிடமும் இரண்டாம் தடவை "சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவதில்லை.