ஒற்றை விரலில் தூக்கிய சக்கரம்

தொண்ணூறுகளில், மேடுபள்ளத்தில் ஓட்டுவதற்கான தடித்த டயர் சைக்கிள்கள் அம்பத்தூருக்கு வந்தன. லேத் பட்டறையில் வேலை பார்த்த நண்பன் செல்வம், சைக்கிள் கடை வைத்திருந்த என்னிடம் ஏரிக்கரைப் பந்தயத்துக்கு எடை குறைந்த முன்சக்கரம் ஒன்று கட்டித் தரச் சொன்னான். அலுமினிய ரிம் வாங்கினேன். அந்தக் கரட்டுப் பாதைக்குத் தடித்த ஆரக்கம்பிகள்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மெல்லியவற்றையே போட்டேன். டீக்கடையில் சக்கரத்தை ஒற்றை விரலில் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

"இன்னா மச்சான், அப்பளம் மாரி கீது! தாங்குமா?" என்றான் செல்வம்.

"ஓட்டிப் பாத்துட்டு பேசு மாமே" என்றேன்.

பந்தயத்தின் முதல் பள்ளத்திலேயே கம்பிகள் அறுந்து சக்கரம் மடங்கியது. செல்வத்தின் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்று பதறினாள் அவன் மனைவி.

"பள்ளத்த பாக்காம வுட்டுட்டான்மா" என்றேன்.

செல்வம் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையசைத்தான். "ஆமா, என் தப்புதான்."

"நீங்க இல்லாட்டி யாருண்ணா இட்டுகினு வந்திருப்பாங்க?" என்று அவள் எனக்குக் காப்பி கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

இன்றும் யாராவது என்னைப் பாராட்டினால், செல்வத்தின் அந்தத் தலையசைப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது.