இரண்டாம் தரம் கேட்காத ஊர்

நோர்வேயில், வெஸ்ட்லி என்ற இடத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்த்தளத்தில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். கோட்டும் டையும் அணிந்து, காலில் மட்டும் பனிச்சப்பாத்தோடு வருவார். அம்மா தேநீர் வேண்டுமா என்று கேட்டால், "ஐயோ, வேண்டாம் தங்கச்சி" என்று இரண்டு தரம் மறுப்பார். மூன்றாம் தரம் கேட்டதும், சீனி கூடப் போடச் சொல்லிக் குடிப்பார்.

உள்ளூர்த் தேர்தலுக்கு அவருடைய கட்சி வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் காலம் வந்தது. தனக்குக் கை உயர்த்துவதற்காக என்னையும் பாதிக் கட்டிடத்தையும் கட்சியில் சேர்த்தார். கூட்டத்துக்கு ஒரு பெரிய சட்டி நிறைய வடையோடு வந்தார்.

கூட்டத்தை நடத்திய நோர்வேப் பெண்மணி அவர் பெயரை வாசித்து, போட்டியிடச் சம்மதமா என்று கேட்டார். பெரியவர் எழுந்து கைகூப்பி, "வேண்டாம், என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்" என்று நோர்வே மொழியில் அழகாகச் சொன்னார்.

பெண்மணி நன்றி சொல்லிப் பெயரை வெட்டிவிட்டார். பெரியவர் புன்னகை மாறாமல் நின்றுகொண்டே இருந்தார். யாரும் மறுபடி கேட்கவில்லை. பெண்மணியின் பார்வை பக்கத்திலிருந்த என் மேல் விழுந்தது. "நீங்கள்?" என்றார். பயத்தில் சம்மதம் என்றுவிட்டேன். வடை சாப்பிட்ட சனம், வந்த வேலை முடியட்டும் என்று எனக்குக் கை உயர்த்தியது.

தேர்தலிலும் வென்று, இப்போது நான் வட்டார சபை உறுப்பினர். அவருக்கு என்னில் கோபமே இல்லை. ரயிலில் கண்டால் பக்கத்தில் வந்து, மெய்யாகவே கவலைப்பட்டுக் கேட்பார்:

"ஏன் பிள்ளை, முதல் தரம் கேக்கவே ஓம் எண்டு சொல்ல உமக்கு எப்பிடி வாய் வந்தது?"