பூசத்தின் வயதைக் கேட்ட சாயங்காலம்

மல்லசமுத்திரத்துப் பள்ளியில் நானும் அவளும் இயற்பியல் ஆசிரியைகள். எனக்குப் பத்து வருடம் பின்னால் வந்தவள். முன்னாள் மாணவர் ஒருவர் டெலஸ்கோப் வாங்கித் தந்தபோது, தலைமையாசிரியர் அதை நேராக அவள் கையில் கொடுத்தார். எம்.எஸ்ஸி.யில் நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றித்தான் நான் ஆய்வேடு எழுதினேன். அது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டாமா என்று மட்டும் புழுங்கினேன்.

மாசியில் ஒரு சாயங்காலம், இருட்டியதும் மைதானத்தில் ஊராருக்கு வானம் காட்டினாள். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள் குடும்பத்தோடு வரிசையில் நின்றார்கள். "டீச்சர், எனக்கு இன்னொருக்கா காட்டுங்க" என்று பிள்ளைகள் அவளை மொய்த்தன. அதில் பாதி என் வகுப்புப் பிள்ளைகள்.

மேற்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினாள். கிழக்கே பூசக் கூட்டத்தைக் காட்டி, "இது கார்த்திகையைவிட ரொம்ப மூத்தது" என்றாள்.

எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். "வயசு எப்படிங்க டீச்சர் தெரியும்? ஜாதகம் எழுதி வெச்சிருக்குதா?"

கூட்டம் சிரித்தது. "நிறத்தை வெச்சு..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

"எனக்குச் சரியாச் சொல்ல வரலீங்க அக்கா. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்" என்றவள், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னேன். ஒரு கூட்டத்து நட்சத்திரங்கள் ஒரே மேகத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. வித்தியாசம் எடையில்தான். கனமானது நீலமாக ஜொலித்து, எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்து, ஊதிச் சிவந்துவிடும். சிறியது நிதானமாக எரியும். கனமானதில் தொடங்கி எந்த எடை வரைக்கும் சிவந்துவிட்டது என்று பார்த்தால் கூட்டத்தின் வயது தெரியும். கார்த்திகையில் நீல நட்சத்திரங்கள் இன்னும் ஜொலிக்கின்றன. பூசத்தில் சில சிவந்துவிட்டன.

கை தட்டினார்கள். முதலில் தட்டியது அவள். "ஏனுங்க அக்கா, இத்தனை நாளா இதையெல்லாம் சொல்லவே இல்லீங்களே!" என்றாள். முகத்தில் துளி நடிப்பில்லை. ஊரே பார்த்திருக்க, 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வராது. அவளுக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது! நான் ஆசைப்பட்ட கைதட்டல் கிடைத்தும், வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது நெஞ்சு காந்தியது.

மறுநாள் அவளே தலைமையாசிரியரிடம் போய், "அக்காவும் சேர்ந்து நடத்தட்டுங்க சார்" என்று கேட்டாளாம். இப்போது இரண்டு பேரும்தான் நடத்துகிறோம். பாடம் நான் சொல்கிறேன், டெலஸ்கோப்பை அவள் திருப்புகிறாள். பிள்ளைகள் யார் பக்கம் அதிகமாக நிற்கிறார்கள் என்று எண்ணுவதை மட்டும் நான் இன்னும் விடவில்லை.