குரைக்கவிடாத வாட்ச்மேன்

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் அடுக்குமாடிக்கு வடகிழக்கு மாநில மலைப்பக்கத்திலிருந்து ஒரு வாட்ச்மேன் வந்து சேர்ந்தார். கசங்காத சட்டை, சிரிக்காத முகம். வாசலில் படுத்திருக்கும் நாய் குரைக்க ஆரம்பித்தால் போதும், ஓடிப்போய் அதன் வாயைப் பொத்திவிடுவார்.

"திருடனுக்குக் கூட்டாளியா இருப்பான் சார். வேலையை விட்டு அனுப்பிடுங்க" என்றார் கீழ்வீட்டுக்காரர். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எலியைக் கண்டால் கட்டிலில் ஏறுகிறவனுக்குத் துப்பறியும் வேலை! மீசையை முறுக்கிக்கொண்டு விசாரிக்கப் போனேன்.

"ஊர்ப் பழக்கம் சார்" என்றார், ஃபேக்டரிகளில் பழகிய தமிழில். "தனி நாடு கேக்குற பசங்க காட்டுலருந்து வருவாங்க. நாய் குரைச்சா, காட்டிக் குடுக்கறியான்னு அவங்க அடிப்பாங்க. குரைக்கலைன்னா, அவங்க உனக்குப் பழக்கமான்னு மிலிட்டரி அடிக்கும்."

"அப்புறம்?"

"நாயை நானே கொன்னுட்டேன்."

"அது சரி, நீ எந்தப் பக்கம்ப்பா?"

என்னை நிதானமாகப் பார்த்தார். "இங்கயும் கேக்குறீங்களா சார்?"

மீசை தானாக இறங்கிவிட்டது. அவரை அனுப்பவில்லை, சந்தேகமும் போகவில்லை. இப்போது நான் கேட்டுக்குள் நுழைந்தாலும் அவர் நாயின் வாயைத்தான் பொத்துகிறார். காப்பாற்றுவது என்னையா, என்னிடமிருந்து நாயையா என்று தெரியவில்லை.